கேட் மூடியிருந்த நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு வண்டி நின்றுவிட்டால்
அது நகர்வது யார் கையிலும் இல்லை.
மணலி கோடவுனில் ஷூட்டிங் முடிந்து வந்துகொண்டிருந்தேன்.
எண்ணெய் டேங்கர்கள். இருபத்தாறு எண்ணுவதற்குள்
ஒரு மோதிரம் கண்ணாடியைத் தட்டியது.

"கணக்கு தீக்குற சாரு நீதானே?"

ஆமாம் என்றேன்.
வெள்ளி இரவு ஒன்பதரை, 'கணக்குத் தீருது.'
கடன் வாங்கியவருக்கு ஒரு நாற்காலி, கொடுத்தவருக்கு ஒன்று,
நடுவில் மேசை, மேசைமேல் டிஷ்யூ பெட்டி.
டிஷ்யூ பெட்டி என் யோசனை.

"தேசம்மா தங்கச்சி நானு. போன வாரம் அழுதாளே."

போன வாரம் மூன்று பேர் அழுதார்கள்.
அதைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன்.
யாரையும் கட்டி இழுத்து வரவில்லை அம்மா.
பதினேழு பக்கப் படிவம், தமிழில்தான், கையெழுத்து இருக்கிறது.
வண்டிச் சத்தம் தந்தோம், பிரியாணி போட்டோம்,
கட்டிக்கொண்ட புடவையைத் திரும்பக் கேட்கவில்லை.
மீட்டர் வட்டிக்காரன் வாசலில் நின்று கத்தினால்
தெருவே பார்க்கிறது, அதற்குப் பெயர் என்ன?
நாங்கள் அவனுக்கு நாற்காலி போட்டோம்.
உட்கார்ந்திருப்பவன் கை ஓங்குவது குறைவு.
ஆறு பேர் கடனை சேனல் அடைத்திருக்கிறது.
பிடிக்கவில்லையா, ரிமோட் உங்கள் கையில்...

"ரிமோட்டு ஒடஞ்சி ஆறு மாசமாச்சு" என்றது
ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு குரல்.
அப்போதுதான் பார்த்தேன், கூட்டம்.
சிலிண்டர் வண்டிக்காரர் இன்ஜினை அணைத்திருந்தார்.
ஒரு பையன் செல்போனைத் தூக்கினான்.
பழக்கதோஷம்,
முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன்.

"கட்டிட்டேன்னு சொன்னாளா இல்லியா?
நோட்ட காட்டுனாளா இல்லியா? அது ஏன் வரல?"

நாலு மணி நேரம் எடுத்ததை
நாற்பத்து நாலு நிமிடம் ஆக்க வேண்டும்.
பென்சில் எழுத்து கேமராவில் எடுபடாது,
விளக்கு பட்டால் வெறும் வெள்ளைத் தாள்.
கண்ணீர் எடுபடும்.
இதே வரிசையில் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"காசிமேட்டுல காலைல கூடைய எடுத்துனு போயி
சாயங்காலம் துட்டு குடுப்பா. பத்து வருசமா.
இப்ப ஏலம் வுடுறவன் சொல்றான்,
டிவி கடங்காரி வந்துட்டா, மொதல்ல காச வையி."

இதற்கும் பதில் இருந்தது என்னிடம்.
அதையே ஒரு சிறப்பு எபிசோடாகச் செய்யலாம் என்றேன்.
சிலிண்டர்காரர் சிரித்துவிட்டார்.
அவள் சிரிக்கவில்லை.
மணலிக் காற்று அழுகிய முட்டை வாசனையோடு உள்ளே வந்தது.
கண்ணாடியை ஏற்றியிருக்கலாம்.
ஏற்றினால் அதுவும் படமாகிவிடும்.

நாற்பது பக்க நோட்டை மடியில் போட்டாள்.
அட்டையில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது.
"படி."
படித்தேன்.
"வாய் வுட்டு."

செவ்வாய் முந்நூறு. செவ்வாய் முந்நூறு.
செவ்வாய் இருநூற்றைம்பது, ஐம்பது பாக்கி.
செவ்வாய் முந்நூற்றைம்பது.
புயல், இல்லை.
செவ்வாய் அறுநூறு.
தடைக்காலம் நூறு, நூறு, நூறு, வளையல் வைத்து ஆயிரம்.
எனக்கு நல்ல குரல். செய்தி வாசித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.
ஷேர் ஆட்டோவில் யாரோ கூடவே கூட்டிக்கொண்டிருந்தார்கள்,
பதினோராயிரத்து... இரு, இரு...

மூன்றாம் பக்கத்தில் டேங்கர்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன.
கேட் ஏறியது.
கூட்டம் மறுபடி வண்டிகளாகி ஹாரன் அடித்தது.
டிரைவர் என்னைக் கேட்கவில்லை, கிளப்பிவிட்டார்.
கண்ணாடியில் அவள் ஒரு டிராக்டருக்குப் பின்னால் போனாள்.

புகாருக்குத் திங்களுக்குள் பதில் தர வேண்டும்.
தண்டையார்ப்பேட்டை தாண்டுகையில் எழுத ஆரம்பித்தேன்:
'இரு தரப்புக்கும் சம வாய்ப்பு அளிக்கப்பட்டது.'
மெட்ரோ தோண்டிப்போட்ட ரோடு,
தாள் மடியில் நிற்கவில்லை.
அடியில் கொடுத்து எழுத
அந்த நோட்டு வசதியாக இருந்தது.