கானுக்கு இந்தப் பக்கம்

பொரலந்தைக்கு மேலே, தேயிலை கைவிட்ட சரிவில்
முக்கால் ஏக்கர். நடுவே ஒரு கான்.
இந்தப் பக்கம் எனக்கு.
அந்தப் பக்கம் என் ஓரகத்தி ஞானசுந்தரிக்கு.
சோயாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஐப்பசி பிறக்குமுன் நான் முள்ளுக் குத்தினேன்.
முழங்கை ஆழம் புரட்டி, கட்டி உடைத்து,
போன போகத்துத் தண்டையெல்லாம் உள்ளே தள்ளி மூடி
பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தலையைப் போல
வகிடெடுத்து வைத்தேன்.

அவள் புரட்டவில்லை.
கொந்தரப்புக்கு ஆள் பிடிக்கக் காசில்லை,
இடுப்பும் பிடித்துக்கொண்டது.
அறுத்த தண்டு கிடந்த இடத்திலேயே கிடக்க
கத்தியால் கீறி, கீறலுக்கு இரண்டு விதை.
"சோம்பேறிப் பாத்தி" என்றேன்.
கான் தாண்டிக் கேட்கிற சத்தத்தில்தான்.

முதல் வருஷம் என் வாய் பலித்தது.
மழை விழுந்து தெறித்த உயரம் வரைக்கும்
அவள் இலைகளில் பழுப்புப் புள்ளி.
மக்காத தண்டிலிருந்து ஏறியதாம்.
என் பக்கம் பச்சை.
ஏழெட்டுச் செடியில் மட்டும்
தண்டோடு ஒட்டிய வெள்ளைப் பஞ்சு.
அதற்கென்ன,
பிடுங்கிப் போட்டு மண்ணால் மூடினேன்.
மூடினால் முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான்,
செடி விஷயத்தில் மட்டுமல்ல.

அதே கையோடு
அவள் கேட்ட மம்மட்டியைக் கொடுத்தேன்.
கழுவவில்லை.
மண் ஒட்டிய இரும்பு கனமாக இருந்தது,
அவளே தட்டிக்கொள்ளட்டும் என்று.

இரண்டாம் வருஷம் மறுபடி குத்தினேன், மறுபடி புரட்டினேன்.
பூப்பிடிக்கும் நேரம்
இலையோடு இலை கோத்துக்கொண்டு நின்றது பயிர்.
ஹப்புத்தளைப் பக்கமிருந்து இறங்கிய மூட்டம்
பத்து மணி வரை உள்ளே உட்கார்ந்திருந்தது.
பிறகு பார்த்தால் பஞ்சுக்கடை.
வரிசை வரிசையாகத் தலை தொங்கி,
பிடுங்கினால் கையோடு வந்தது,
வலிக்காமல்.

போதனாசிரியர் நிஷாதி ஸ்கூட்டியை மேலே நிறுத்திவிட்டு
சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தாள்.
ஒரு தண்டை நகத்தால் பிளந்தாள்.
உள்ளே எலிப்புழுக்கை போல
கறுப்பாக, கெட்டியாக, ஆறு.
"இதுல தூங்கும் அக்கா. புதைச்சா வருஷக்கணக்கா.
நீங்க புதைச்சீங்க.
இந்த வருஷம் நீங்களே எழுப்பிட்டீங்க."

அப்போ குத்தக்கூடாதா?

அவள் கானைத் தாண்டிப் பார்த்தாள்.
அங்கே கீழ்மூலையில், தண்ணீர் தேங்குமிடத்தில்
மிதிபட்டு இறுகிய மண்ணில்
சுந்தரியின் செடிகள் வேர் கறுத்து நின்றன.
மேல்பாதியில் நல்ல காய்.
"அந்த மூலையைக் குத்தணும். உங்க பக்கம் விடணும்.
அடுத்த மழை எப்படியோ, அது எனக்குத் தெரியாது."
குறிப்புப் புத்தகம் நனைந்துவிட்டது,
பேனை எழுதவில்லை.

அவள் போன பிறகுதான் பார்த்தேன்.
சுந்தரி பக்கம், கான் ஓரமாக, ஒரே ஒரு இடத்தில்
கையகல வெள்ளை.
மற்ற எங்குமில்லை.
போன வருஷம் அவள்
கான் வரம்பைச் செதுக்கிய இடம்.
என் மம்மட்டி.

சொல்லவில்லை அன்று.
சாயங்காலம் பீலியடியில் உட்கார்ந்து
மம்மட்டி, முள்ளு, கத்தி,
பூட்ஸின் அடிப்பள்ளம் வரைக்கும்
தேங்காய்த் தும்பால் தேய்த்தேன்.
மறுநாளும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் சொன்னேன்.

அவள் நிமிரவில்லை, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி
கறுப்பு மணிகளைப் பொறுக்கித்
தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.
"தெரியும்" என்றாள்.
"உன் பக்க மண்ணு செம்மண்ணு. எங்கிட்ட கறுப்பு.
ஒட்டியிருந்தது தெரியாதா?"

பிறகு தீப்பெட்டியை நீட்டினாள்.
நாற்பத்தொன்று இருந்தது.
அடுப்பில் போட்டோம்.
இந்த ஐப்பசியில் என் பக்கம் புரட்டாமல் கிடக்கிறது,
வகிடில்லாமல், அசிங்கமாக.
கை பரபரக்கிறது.
அவளுடைய கீழ்மூலையை
நான் குத்திக்கொண்டிருக்கிறேன்,
கழுவின முள்ளால்.