மூன்றரை மணி

மாசி முழுக்க வண்டி கத்தியது.
மேனிபோல்டில் விரிசல், இரண்டாவது சிலிண்டர் பக்கம்.
சைலன்சர் ஏறிப் போகவேண்டிய புகை
பாதி வழியில் இறங்கி
இவர் கண்ணைத் தேடிப் போனது.

எனக்கொன்றும் பெரிய வருத்தமில்லை.
அடுப்படியில் நின்றபடியே
எந்தக் கொல்லையில் ஓடுகிறது என்று சொல்வேன்.
ஏரிக்கரைச் செம்மண்ணில் ஒரே சீர்,
லகுமய்யன் மேட்டுக்கொல்லையில் கல் இடறித் திணறல்,
வரப்போரம் கலப்பையைத் தூக்கித் திரும்பும்போது
ஒரு பெருமூச்சு.
காலண்டர் ஓரத்தில் கோடு போடுவேன், கால் மணிக்கு ஒன்று.
ஓட்டச் சொன்னவர் இரண்டு மணி என்றால்
"இல்லைங்க, ரெண்டேகால்" என்பேன்.
யாரும் மறுத்ததில்லை.
அவர்களுக்கும் கேட்டிருக்குமே.

சில நாள் கால்வாய்ப் புளியமரத்தருகே
அரை மணி நேரம் சத்தம் அணைந்திருக்கும்.
அதற்குக் கோடு கிடையாது.
கேள்வியும்.

புது மேனிபோல்டு கிருஷ்ணகிரியிலிருந்து
என் மடியில், பஸ்ஸில் வந்தது.
கண்டக்டர் லக்கேஜ் கேட்டான்.
தொடையில் அதன் விளிம்பு இரண்டு நாள் சிவந்திருந்தது.

மாரண்டஅள்ளி இம்தியாஸ் வெள்ளிக்கிழமை
தொழுகை முடிந்து வந்தான்.
எட்டு நட்டு.
ஐந்து, ராத்திரி முழுக்க டீசலில் ஊறியதால் இறங்கின.
இரண்டைக் காய்ச்சித் தட்டி எடுத்தான்.
எட்டாவதில் ஸ்டட்டே முறிந்தது.
பெரிய சத்தமில்லை,
ஸ்பேனர் மட்டும் திடீரென்று லேசானது.

"அக்கா, இனி அவசரப்பட்டா ஹெட்டே போயிடும்."
டீ கேட்டான். குடித்தான்.
மொட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து
வெல்டிங்கில் பற்றவைத்து
சிவப்பு ஆறும்வரை காத்திருந்து
கால் சுற்று முன்னே, அதில் பாதி பின்னே,
மறுபடி,
கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவளை
அழைத்துவரும் பக்குவத்தில்.
(போயிருக்கிறேன். தெரியும்.)

கழற்றிப்போட்டதைத் திருப்பிப் பார்த்தேன்.
விரிசலின் இரு கரையிலும் கரி.
நகம் நுழைகிற அகலம்.
இத்தனூண்டு வழியாகவா
ஊருக்கே கேட்டது?

புது கேஸ்கட். நடுவிலிருந்து இரு பக்கமும்
கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான்.
"ஒருநாள் ஓடிச் சூடேறி ஆறினதும்
இன்னொரு தடவை முடுக்கணும்க்கா. மறந்துடாதீங்க."
சாவி போட்டதும்
வண்டி வீட்டுக்குள் பேசுகிற குரலில் பேசியது.
மட்கார்டு ஆடுவதே அன்றுதான் கேட்டது.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் போனார்.
பென்சிலோடு நின்றேன்.
காக்கை. பக்கத்து வீட்டு மிக்சி.
ராயக்கோட்டை ரோட்டில் கல் லாரி.
மத்தியானம்வரை ஒரு கோடு விழவில்லை.

திரும்பியபோது நாய்கூட எழவில்லை.
களி கிளறியிருக்கவில்லை.
வாசலில் நின்றவரைப் பார்த்து
"எவ்வளவு நேரம் ஓடுச்சு?" என்றேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறை கேட்கிறேன்.
அவருக்கும் அது பட்டிருக்கவேண்டும்,
யோசித்துத்தான் சொன்னார்.
"நாலு. இல்ல, மூன்றரை.
நடுவுல புளியமரத்துல கொஞ்சம் படுத்துட்டேன்.
முதுகு."

பதினாலு கோடு போடவில்லை.
மூன்றரை என்று எழுத்தால் எழுதினேன்.

சாயங்காலம் இன்ஜின் ஆறிவிட்டதா என்று
தொட்டுப் பார்த்துவிட்டு
ஸ்பேனரோடு உட்கார்ந்தேன்.
நடுவிலிருந்து தொடங்கினேன்.
ஏழு அசையவில்லை.
எட்டாவது கொஞ்சம் இடம் கொடுத்தது.