தோன்றா எழுவாய்

கோடையில்
வால்பரைசோ துறைமுகத்தில் இரவு எட்டு மணி என்றால்
குவாங்சோவில் மறுநாள் காலை ஏழு.
குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி கூடும்.
இந்த இடைவெளிக்குள்தான்
ஒன்பது வருடமாக எனக்குச் சம்பளம்.

செர்ரி ஏற்றுமதி நிறுவனம், நான்காம் மாடி.
இயக்குநர் ஓயர்சூனின் கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவே
என் மேசை.
உள்ளே போகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து
அவர் மனநிலையைக் கணிப்பார்கள்.
அதனால் என் முகத்தை
வானிலை இல்லாத இடமாக வைத்துக்கொள்ளப் பழகினேன்.

'முடியாது' என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.
"அடுத்த வியாழன் முயன்று பார்க்கலாம்" என்பேன்.
வந்தவர் நன்றி சொல்லி இறங்கிப் போவார்.
பாதிப் படியில்தான் அவருக்கு உறைக்கும்.

கோபத்தில் அவர் சொல்லச் சொல்லத் தட்டும் கடிதங்களை
விடியும்வரை அனுப்பாமல் வைத்திருப்பேன்.
"ஹசிந்தா, அது போய்விட்டதா?"
"இணையம் படுத்துவிட்டது."
"நல்லதாகப் போயிற்று."
இந்த நகரத்திலேயே மோசமான இணையம்
எங்கள் மாடியில்தான் என்று இன்னும் நம்புகிறார்.

கூட்டக் குறிப்புக்கென்று ஒரு மொழி இருக்கிறது.
விற்பனைத் தலைவர் உர்ருத்தியா மேசையைக் குத்தி
"இது பைத்தியக்காரத்தனம்" என்று கத்தினால்
மாற்றுக் கருத்து தெரிவிக்கப்பட்டது.
இயக்குநர் கண்ணயர்ந்துவிட்டால்
இப்பொருள் மீது விவாதம் இல்லை.

போன நவம்பரில் கப்பல் அட்டவணை
என் மேசையைத் தாண்டிப் போகையில்
ஒரு தேதி கண்ணில் உறுத்தியது.
இரண்டு நாட்டு விடுமுறைகளையும்
ஒரே நாட்காட்டியில் குறித்து வைப்பவள் நான்.
சரக்கு போய் இறங்கும்போது
அங்கே புத்தாண்டு முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும்.
அதற்கு முன்னால் அது பரிசு.
பின்னால், வெறும் பழம்.
நாற்பது பெட்டகங்கள்.
மஞ்சள் தாளில் ஒரு வரி எழுதி ஒட்டினேன்.
மறுநாள் குறிப்பில் நானே பதிந்தேன்:
புறப்படும் தேதியைத் திருத்தியாயிற்று.

யார் திருத்தியது?
வாக்கியத்தில் ஆள் இல்லை, வேலை மட்டும் நடந்திருக்கிறது.
தோன்றா எழுவாய் என்கிறது இலக்கணம்.
உதவியாளர் என்கிறது என் ஒப்பந்தம்.

ஏப்ரலில் செயல்பாட்டு மேலாளர் பதவி காலியானது.
விண்ணப்பித்தேன்.
நேர்காணல் எடுப்பவர் ஓயர்சூன்.
அவர் நேரத்தைப் பங்கு போடுபவள் நான்.

செவ்வாய் பத்து மணி என்று போட்டேன்.
வங்கிக்காரர்கள் வந்தார்கள். என்னை நகர்த்தினேன்.
வெள்ளி நான்கு மணி.
அவர் மகளுக்குப் பல் மருத்துவர். என்னை நகர்த்தினேன்.
மூன்றாம் முறை உர்ருத்தியா வந்து நின்றார்,
"இருபது நிமிடம் போதும், அவசரம்."

என் கை தானாகவே சுட்டியை நகர்த்தி
பதினொரு மணிக் கட்டத்தின் மேல் நின்றது.
அதில் என் பெயர். பச்சை நிறம்.
யார் வந்தாலும் தள்ளிவிடலாம் என்பவற்றுக்கு
நான் கொடுக்கும் நிறம் அது.
யாரும் கேட்கவில்லை,
நானேதான் பச்சை அடித்திருக்கிறேன்.

சிவப்பாக்கினேன்.
"அடுத்த வியாழன் முயன்று பார்க்கலாம்" என்றேன்.
அவர் நன்றி சொல்லி இறங்கிப் போனார்.

மணி பதினொன்று.
எழுவாய் என்று யாரும் சொல்லவில்லை.
எழுந்தேன்.

காப்பிக் கோப்பையோடு மட்டுமே நுழைந்த கதவு.
இன்று சும்மா இருந்த கைகளை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கிரேன் ஒன்று
பெட்டகத்தை அந்தரத்தில் பிடித்து நின்றது.
ஓயர்சூன் தொண்டையைச் செருமினார்,
என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.
"சரி... குறிப்பெடுக்க யார்?"

மேசையின் குறுக்கே பேனாவை
அவர் பக்கம் உருட்டிவிட்டேன்.
மூடியைக் கழற்ற அவருக்குக்
கொஞ்ச நேரம் பிடித்தது.