சாதனத்தில் இடம் இல்லை

அதிகாலை மூன்று நாற்பது.
வேளச்சேரியில், பறக்கும் ரயில் பாலத்துக்குப் பின்னால்,
ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் எங்கள் சர்வர் அறை.
கீழே யாருடைய வரவேற்போ முடிந்து
அண்டா உருட்டுகிறார்கள்.
மேலே டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுக்கிறது.

நேற்றுவரை நூற்றைம்பது இணைப்புகள்.
மே பிறந்ததும்
காலை ஆறுக்குத் தண்ணீர் லாரிப் பதிவு திறந்தால்
மடிப்பாக்கமும் உள்ளகரமும் மூவரசம்பேட்டையும்
ஒரே நொடியில் கதவைத் தட்டுகின்றன.
நூற்றைம்பத்தோராவது ஆளை
'பிறகு முயலவும்' என்று திருப்பி அனுப்புகிறோம்.
முதலாளி மெய்கண்டன் சொன்னார்:
"முந்நூறு ஆக்கிடும்மா. ஒரு நம்பர்தானே."

ஒரு நம்பர்தான்.
மாற்றினேன், கிளப்பினேன்.
ஒரே வரியில் பதில் வந்தது:
சாதனத்தில் இடம் இல்லை.

டிஸ்க்கைப் பார்த்தேன். முக்கால்வாசி காலி.
போன வருஷத்துப் பதிவேடுகளை அழித்தேன்,
இன்னும் காலியானது.
அதே வரி.

திருவொற்றியூரில் இதயதுல்லாவை எழுப்பினேன்.
முதலில் இருமல், பிறகு குரல்:
"டிஸ்க் இல்ல ஹம்சா.
அது பொய் சொல்லல, வேற இடத்தச் சொல்லுது.
கர்னல்கிட்ட கேளு,
எத்தன கைகாட்டி வச்சிருக்குன்னு."

செமஃபோரை இவன் ஒருவன்தான்
கைகாட்டி என்பான்.

ஓர் இணைப்புக்கு ஒரு கைகாட்டி:
நில், தூங்கு, உன் முறை வந்தது, எழு.
பதினாறு பேருக்கு ஒரு கொத்து,
கொத்துக்கு ஒன்று காவலாய்க் கூடுதல்.
இந்த இயந்திரம் தரக்கூடிய கொத்துகள்
பத்து.
விரல்விட்டுப் பெருக்கினேன்.
நூற்றைம்பது பேரும்
பின்னணியில் கூட்டிப் பெருக்கும் நாலைந்து வேலைகளும்
இத்தனை நாளாய்
சுவரில் முதுகு உரச நின்றிருக்கிறார்கள்.
உரசியது யாருக்கும் கேட்கவில்லை.

சென்ட்ரலில் நடைமேடை வெறுமனே கிடக்க
பேசின் பிரிட்ஜில் நாற்பது நிமிஷம் நிற்கும் ரயிலில்
பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு
வாசலில் நின்றவர்களுக்கு இது புரியும்.

யார் வைத்த பத்து?
கோப்பைத் திறந்தேன். காரணம் எழுதவில்லை,
பெயர் இல்லை.
ஏதோ ஒரு சின்ன இயந்திரத்துக்கு
யாரோ ஒருவர் போதும் என்று நினைத்த எண்
இயந்திரம் மாறி மாறி
நகலெடுத்து வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறது.

"இருநூறு கொத்து வச்சிடவா?"
"வையேன். முந்நூறு ஆயிரமாவும், ஆயிரம் மூவாயிரமாவும்.
ஒவ்வொருத்தனுக்கும் மெமரியில சோறு போடணும்.
கீழ பந்திதானே நடந்துச்சு?
அரிசிய அளக்காம எல போட்டாங்களா?"

அளந்தேன். இருபத்துநான்கு வைத்தேன்.
இந்தப் பழைய கர்னல்
பிறக்கும்போது மட்டுமே அந்த எண்ணைப் படிக்கும்,
எனவே அதைச் சாகடிக்க வேண்டியிருந்தது.

மின்விசிறிகள் ஓய்ந்த அந்த இரண்டு நிமிஷம்
அறையில் ஒரு கொசு இருந்ததே
அப்போதுதான் தெரிந்தது.

எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன்:
தேதி, காரணம், என் கைபேசி எண்.
எவளாவது ஒருத்தி ஒரு நாள்
மூன்று நாற்பதுக்குக் கூப்பிடட்டும், திட்டட்டும்.

ஆறு மணி.
இருநூற்று எண்பத்தேழு பேர் உள்ளே.
யாரையும் திருப்பி அனுப்பவில்லை.
மெய்கண்டன் கட்டைவிரல் அனுப்பினார்.
இதயதுல்லா தூங்கிவிட்டான்.

ஆறு இருபதுக்குத் தொலைபேசி.
உள்ளகரத்திலிருந்து ஓர் அம்மாள்:
"பதிவாயிடுச்சுன்னு வந்துச்சே,
லாரி எப்போ?"

லாரிகள்
பதினெட்டு.