பொருந்தவில்லை

முக்கூடல் ரேஷன் கடை.
ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை
கருவியை ஜன்னலோரம் கொண்டுபோய்
சிக்னல் காட்டுவது,
பச்சைப்பிள்ளைக்கு இளவெயில் காட்டுவதுபோல.

பேச்சிக்கனி வலது கட்டைவிரலை வைத்தாள்.
பொருந்தவில்லை.
சேலையில் துடைத்து வைத்தாள்.
பொருந்தவில்லை.
இடது. ஆள்காட்டி. மோதிர விரல்.
எடை போடும் கொம்பையா
பாமாயில் பாக்கெட்டின் கசிவைத் தொட்டுத் தடவிவிட்டான்.
போன மாதம் அது பலித்தது.

"ஏட்டி, நீயே சொல்லு,
நான் நாந்தான?"

வரிசை சிரித்தது.
கருவி சிரிக்கவில்லை. நானும்.

போனுக்கு ஒரு எண் வரும் என்றேன்.
போன் மகனிடம்.
மகன் எர்ணாகுளத்தில், பத்தாவது மாடியில்
டைல்ஸ் ஒட்டுகிறான்.
மணி அடித்து அடித்து ஓய்ந்தது.
கருவிழி பார்க்கும் பெட்டியிடம்
புரை விழுந்த கண்ணைக் காட்டினோம்.
அது வெகுநேரம் யோசித்தது.

"சவத்தத் தூக்கி ஆத்துல போடுங்க"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் போடமாட்டேன்.
இது வருமுன் இந்த நாற்காலியில் இருந்தவருக்கு
ஊரில் எல்லாரையும் தெரியும்.
முகத்தைப் பார்த்தே அட்டை எண் சொல்வார்.
வேண்டியவர் பையில் வெள்ளையாய் விழும் அரிசி.
கீழத்தெருவுக்கு அடுத்த வாரம்;
அடுத்த வாரம் போனால் லோடு வரவில்லை.
வேலம்மா செத்த பிறகும் ஆறு வருசம்
மாசாமாசம் துவரம்பருப்பு வாங்கினாள்.
அவளுக்காக அவரே கையெழுத்துப் போட்டார்,
கோணாமல், அழகாக.
என் அம்மை வெறும் பையோடு திரும்பிய நாட்கள் உண்டு.
அம்மையையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

கருவிக்குத் தெரு தெரியாது.
அதற்காகவே ராத்திரி
அதைத் துடைத்துத் துணி போர்த்திவிட்டுப் போகிறேன்.

சரியாக அழுத்துகிறாளா என்று
பேச்சிக்கனியின் கையைப் பிடித்தேன்.
மூன்று வருசமாக அட்டையை வாங்குகிறேன், நீட்டுகிறேன்;
கையைத் தொட்டதில்லை.

விரல் நுனி தேய்ந்த நாலணா.
சிங்கமும் இல்லை, வருசமும் இல்லை.
நகத்தடியில் புகையிலைத் தூள்.
கத்தரி வளையம் இருந்த இடத்தில்
ஒரு காய்ப்பு, புளியங்கொட்டை அளவு.
நாளுக்கு ஆயிரம் பீடி,
முப்பத்தொரு வருசம்.

கருவி பொய் சொல்லவில்லை.
ரேகை அங்கே இல்லைதான்.
ஏன் இல்லை என்று கேட்க
அதற்கு வாய் வைக்கவில்லை யாரும்.

விலக்குப் பதிவேட்டை எடுத்தேன்.
'காரணம்' என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
இவரை எனக்குத் தெரியும்
என்று எழுதினேன்.
எழுதியதைப் பார்த்தேன்.
கோணாமல், அழகாக இருந்தது.
அடித்தேன்.

பீடி சுற்றி ரேகை தேய்ந்துவிட்டது.
கையைப் பிடித்துப் பார்த்தேன்.
என் எழுத்து கோணி, கட்டத்தைத் தாண்டி
அடுத்தவர் காரணத்துக்குள் போய் நின்றது.
சாட்சிக்குக் கொம்பையா.
இன்னொரு சாட்சி, அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத
பக்கத்து வீட்டு மாடத்தி.
"அவதான். வேற யாரு" என்று
சுவரைப் பார்த்துச் சொல்லிக் கையெழுத்திட்டாள்.

தராசில் எண்கள் சிவப்பாய் ஓடி நின்றன.
பேச்சிக்கனி எண்ணைப் பார்க்கவில்லை.
பையைத் தூக்கிப் பார்த்தாள்.
"கொறயுதுளா."
தட்டில் ஒரு காலிச் சாக்கு,
அரிசியோடு அரிசியாய் எடை காட்டியபடி.
கொம்பையா நாக்கைக் கடித்துக்கொண்டு
இரண்டு கை அள்ளிப் போட்டான்.
மறுபடி வைத்துப் பார்த்தோம்.
இருபது கிராம் கூடுதல். அதை அவள் சொல்லவில்லை.

அவள் தெருமுனை திரும்பிய பிறகு
எர்ணாகுளத்திலிருந்து போன்.
"யக்கா, ஏதோ நம்பர் வந்துருக்கு, சொல்லவா?"
நேரம் முடிந்து செத்துப்போன எண்.
சொல்லு என்றேன்.
கல் அறுக்கும் மிஷின் இரைச்சலுக்கு மேலே
ஒவ்வொன்றாகக் கத்தினான்.
ஆறையும் கேட்டேன்.