சில பேருக்கு

மட்டக்குளி கிளினிக்கில்
மொழிபெயர்க்கிறவருக்கென்று கதிரை கிடையாது.
வரிசையில் யாருக்கு ரெண்டும் தெரியுமோ
அவளைக் கூப்பிடுவார்கள்.
அந்தப் புதன்கிழமை
பதினோராம் நம்பர் துண்டோடு இருந்த
என்னைக் கூப்பிட்டார்கள்.

பியசீலி மிஸ் மேசையில் பரப்பினாள்:
கைத்தோலுக்குள் வைக்கிற குச்சி இரண்டு,
மருந்து ஏற்றாத ஊசி,
மித்துரி அட்டை ஒன்று.
முதலில் குச்சி. எப்போதும் முதலில் குச்சிதான்.
வைத்தால் வருஷக் கணக்கில் கவலையில்லை என்றாள்.
யாருடைய கவலை என்று
சிங்களத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.

எதிரே தவமலர். இருபத்தாறு வயது.
புறக்கோட்டைத் துணிக்கடையில்
நாள் முழுக்க நிற்கிற கால்களைச்
செருப்பிலிருந்து எடுத்து
சீமெந்துக் குளிரில் வைத்திருந்தாள்.
மடியிலிருந்த பிள்ளை
மிஸ்ஸின் பேனைக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தது.

சமஹர அயட்ட, என்றாள் மிஸ்.
சில பேருக்கு.
சில பேருக்குத் தலையிடி, சில பேருக்கு நிறை கூடும்.
ஊசி போட்டால் சில பேருக்கு
மாதம் வராது, சில பேருக்கு
விட்டுவிட்டு வரும்.
பய வெண்ட எபா.
எல்லாம் ஒரே அழுத்தத்தில்,
நீலப் பேனையால் கோடு இழுப்பதுபோல.

அது என் வாயைக் கடக்கும்போது
நாற்பத்தொரு நாள் நிற்காமலிருந்த என் இரத்தம்
நாக்குக்கு வந்துவிட்டது.
சீட் காலியாக இருந்தும்
நின்றுகொண்டே போன பஸ்கள்,
இரவில் துவைத்துக் காலையில் ஈரத்தோடு உடுத்த
அந்த ஒரே கறுப்புப் பாவாடை.
ஊசியெண்டா கரைச்சல், என்றேன்.
சில பேருக்கு என்பதை
எங்கே விழுத்தினேனோ தெரியாது.
மிஸ் தலையாட்டினாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.

தவமலர் ஊசியைப் பார்த்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
அட்டையை எடுத்துக்கொண்டாள்.

மித்துரி என்றால் தோழி.
மாமியாரும் மச்சாளும் படுக்கிற ஒற்றை அறையில்
தோழியை எங்கே ஒளித்துவைப்பாள்,
ஒவ்வொரு இரவும்
எந்தச் சாட்டில் எழும்பிப்போய்ச் சந்திப்பாள்?
இதை நான் நினைத்தபோது
அவள் படியிறங்கியிருந்தாள்.

மழை.
155க்குக் காத்துநின்றவளை
ஓடிப்போய்ப் பிடித்தேன்.
தங்கச்சி, அது எனக்கு நடந்தது,
உமக்கு நடக்குமெண்டில்ல,
மிஸ் சில பேருக்கெண்டுதான் சொன்னவ,
நான்தான்...

தெரியும்க்கா, என்றாள்.
எனக்குச் சிங்களம் நல்லாப் புரியும்.
கடையில நாள் பூரா சிங்களந்தானே.

பிறகேன் என்னை இருத்தினீர்?

புரியாத மாதிரி இருந்தா
ரெண்டு தடவ கேக்கலாம்.
அந்தம்மா சொன்னதையும் கேட்டேன்.
நீங்க சொன்னதையும் கேட்டேன்.
ரெண்டும் ஒண்ணா இல்ல.
பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள்.
எனக்கு அடுத்த வருஷம் இன்னொன்னு வேணுமா இருக்கும்,
இல்லாமலும் இருக்கும்.
இத நானே நிப்பாட்டலாம்,
யார்கிட்டயும் வந்து கையை நீட்ட வேணாம்.
அதுக்குத்தான்.
வீட்டுல எங்க வைக்கிறதுன்னா கேக்குறீங்க?
வீட்டுல யாரு வைக்கப்போறா.
கடையில எனக்கு ஒரு லாச்சி இருக்கு.

பஸ் வந்தது. ஏறினாள்.
சீட் இருந்தது, உட்கார்ந்தாள்.

நான் திரும்பி வந்தபோது
பதின்மூன்றாம் நம்பர் உள்ளே இருந்தாள்.
என் துண்டில் இரண்டு ஒன்றில்
ஒன்று மழைக்குக் கரைந்திருந்தது.
கடைசிக் கதிரையில் போய் இருக்கச் சொன்னார்கள்.
இருந்தேன்.

பிள்ளைகளின் அழுகை ஓய்ந்து,
நிறுக்கிற தராசைத் துணியால் மூடியபிறகு
என் முறை வந்தது.
பியசீலி மிஸ் குச்சியை முதலில் எடுத்தாள்.
உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, என்று சிரித்தாள்.

இல்லை மிஸ்,
முதலிலிருந்து சொல்லுங்கள், என்றேன்.
ரெண்டு தரம்.