சிவப்பு

காலபோக அறுவடை தொடங்கினால்
மாங்குளத்து எங்கள் கராஜில்
பேச்சு என்றால் கத்தல்.
ஜெனரேற்றர் ஒரு பக்கம், கிரைண்டர் மறுபக்கம்,
இரண்டுக்கும் மேலால் குகதாசன் முதலாளி:
"அம்பகாமத்தான்ர லாண்ட்மாஸ்டர் என்ன மாதிரி?"
யூட்டுக்கு இடது காது கேட்காது,
வலது காதை வெல்டிங் தொப்பி மூடியிருக்கும்.
"பெல்ட் வந்திட்டுது" என்று
ஸ்டோருக்குள்ளிருந்து நான் சொன்னது
"பெல்ட் வரேல்லை" என்று கஜீபனிடம் போய்ச்சேரும்.
ஒரே பெயரிங்கை இரண்டு பேர் தேடுவார்கள்.
ஒருவரும் தொடாத மெசினுக்குள்
கோழி முட்டையிடும்.

வவுனியாவில் மூன்று நாள் ஏதோ பயிற்சி.
முதலாளி ஒரு வெள்ளைப் பலகையை
பஸ்ஸில் குறுக்காய் வைத்துக் கொண்டுவந்தார்.
கட்டங்கள் கீறினோம்.
வந்தது, கழற்றியது, சாமானுக்குக் காத்திருப்பது,
பூட்டியது, போகலாம்.
ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு வரி, அருகே பொறுப்பாளர் பெயர்,
பெயருக்குப் பக்கத்தில் காந்தம்.
பச்சை, போகுது.
மஞ்சள், இழுபடுது.
சிவப்பு, நிக்குது, ஆராவது வாங்கோ.

சுவரில் சாவிகளைக் கொழுவி
ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பால் வரைந்தான் நிரோஜன்.
பின்னேரம் பதினாலாம் நம்பரின் உருவம் மட்டும் தொங்கியது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
யூட் தன் காற்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான்.

மூன்று கிழமை பலகை முழுக்கப் பச்சை.
வயல் மாதிரி இருக்கு, என்றார் முதலாளி.

நாலாம் கிழமை கற்சிலைமட்டில்
சுனாமி மெசின் நடுவயலில் நின்றது.
மூன்று ஏக்கர் நெல் நிலத்தில், வானம் கறுத்து,
பெயரிங் பொடி.
"சத்தம் கேட்டதுதான்" என்றான் கஜீபன்,
என்னிடம் மட்டும், கையைத் துடைத்துத் துடைத்து.
"சிவப்பு வைச்சா
என்ர பேருக்குப் பக்கத்திலயெல்லோ சிவப்பு."

அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம்
முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவள் நான்.
முகக்கவசத்துக்குள் வேர்வை, முழங்காலில் மண்,
கையெட்டும் தூரம் தேடி முடிந்தால் ஒரு வெள்ளைக் கம்பு,
முடியாத இடத்தில் சிவப்பு.
சிவப்புக்கு அந்தப் பக்கம் வெடி இருக்கிறது என்றில்லை.
இல்லையென்று
எங்களுக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.
ஏனடி இவ்வளவு சிவப்பு நட்டாய் என்று
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
நடாமல் விட்ட ஒன்றுக்காக
இரண்டு நாள் விசாரணை நடந்தது.

அடுத்த நாள் காலை
எல்லோருக்கும் முதல் வந்தேன்.
நம்பர் மாறி நான் எடுப்பித்த டீசல் பில்டர்கள்,
நாலு நாளாய் ஒயில் பீப்பாவுக்குப் பின்னால்
சாக்கு மூடிக் கிடந்தவை,
அவற்றைத் தூக்கி மேசையில் வைத்தேன்.
தயாளினி என்ற பெயருக்குப் பக்கத்தில்
சிவப்பை ஒட்டினேன்.
டக் என்று ஒரு சத்தம்.
அவ்வளவு சின்னச் சத்தம்
இந்தக் கராஜில் அதுவரை கேட்டதில்லை.

முதலாளி வந்தார். பார்த்தார்.
வாய் திறந்தது, தொண்டை நரம்பு எழும்பியது,
நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
என்ன நினைத்தாரோ,
"மாத்தி எடுக்கக் கிளிநொச்சிக்கு
ஆர் போறது?" என்று மட்டும் கேட்டார்.
நிரோஜன் ஹெல்மெட்டை எடுத்தான்.

பத்து மணிக்கு யூட் ஒன்று வைத்தான்.
தேத்தண்ணிக்குப் பிறகு கஜீபன் இரண்டு,
ஒன்று வைத்து, கொஞ்சம் நடந்து,
திரும்பி வந்து மற்றது.
மத்தியானம் சிவப்புக் காந்தம் தீர்ந்து
இரண்டு மஞ்சளுக்கு ரெட் ஒக்சைட் பூசிக் காயவைத்தோம்.
முதலாளியே ஒன்றை ஒட்டினார்,
மின்சாரக் கட்டணம் என்று எழுதி.

கத்தல் முற்றாய் நின்றதென்று சொல்ல மாட்டேன்.
ஜெனரேற்றர் ஜெனரேற்றர்தான்.
மழைக்கு முன் கற்சிலைமட்டுக்காரரின் நெல்
பாதிதான் ஏறியது, அதுவும் உண்மை.

ஆறு மணிக்கு நிரோஜன் சரியான பில்டர்களோடு வந்தான்.
என் பெயருக்குப் பக்கத்துச் சிவப்பைக் கழற்றினேன்.
அந்த இடம் வெள்ளையாய் இருந்தது.
பழக்கதோஷம்,
ஒரு அடி முன்னுக்கு வைத்தேன்.